ஆட்டம் இல்லாத நாளுக்கு ஸ்டேடியம் எங்கே?

கோவை ஒண்டிப்புதூர் முதல் யாழ்ப்பாணம் மண்டைதீவு வரை, மைதானத்துக்கு இடம் தேடும் அரசியல். இதில் சேலத்துக்கு என்ன பாடம்?

ஞாயிற்றுக்கிழமை, பொழுது இன்னும் புலரவில்லை. சூரமங்கலம் ரயில்வே ஜங்ஷன் வாசலில் டவுன் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. படியேறும் பையனுக்குப் பதினான்கு வயது இருந்தால் அதிகம். தோளில் அவன் உயரத்துக்கு ஒரு கிட் பேக். உள்ளே பேட், கால் பேடு, ஹெல்மெட். வெளியே லேஸால் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட ஷூ. "பையைக் கடைசி சீட்டுக்கு அடியில தள்ளுப்பா, ஏறி இறங்க வழி வேணாமா?" என்கிறார் கண்டக்டர். புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி. அங்கிருந்து காட்டுவேப்பிலைப்பட்டிக்கு இன்னொரு வண்டி. 2020 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்த கிரிக்கெட் மைதானம் அங்கே இருக்கிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்கள் நடக்கும் தரமான மைதானம்தான். ஆனால் அதில் கால் வைக்கும் முன்பே பையனுக்கு மூன்று வண்டி மாறிய களைப்பு. திரும்பி வரும்போதும் அதே மூன்று வண்டி.

ஒரு நகரம் புதிய ஸ்டேடியம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் எழும் சண்டை முழுக்க இடத்தைப் பற்றித்தான். எந்தத் தொகுதி, யார் நிலம், யாருடைய ஊர்ப்பக்கம், திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் என்றே பேச்சு போகும். இந்தப் பையனைப் போன்றவர்கள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஸ்டேடியத்தின் இடத்தை ஆட்டம் நடக்கும் சில நாட்களை வைத்து முடிவு செய்வதால்தான் இப்படி ஆகிறது. ஆட்டம் நடக்காத மிச்ச நாட்களை வைத்து முடிவு செய்தால், இதே சண்டைக்கு வேறு விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாக்குப்பதிவுக்கு 12 நாள் முன்பு

கோவையிலிருந்து தொடங்குவோம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடே கோவை தொகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார், அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரன், பா.ஜ.க.வின் அண்ணாமலை என மும்முனைப் போட்டி. தி.மு.க.வுக்காக அங்கே தேர்தல் வேலை பார்த்த அமைச்சர் டி.ஆர்.பி.ராஜா, கோவைக்குச் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம் வேண்டும் என்று சமூக வலைத்தளத்தில் முதல்வரிடம் கேட்டார். ஏப்ரல் 7 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அதை வாக்குறுதியாகவே அறிவித்தார். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. வாக்குறுதி வந்தபோது இடம் முடிவாகவில்லை. தேடல் அதன் பிறகுதான். பல இடங்களைப் பார்த்த அதிகாரிகள் ஒண்டிப்புதூரில் உள்ள திறந்தவெளிச் சிறைச்சாலை நிலத்தில் வந்து நின்றார்கள்.

ஏன் சிறைச்சாலை நிலம்? சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018-ல் வயலில் கல் நட்டபோது என்ன நடந்தது என்பது ராமலிங்கபுரம், பூலாவரி பக்கம் இன்னும் மறக்கவில்லை. நிலம் எடுத்த நடவடிக்கையை 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிடலாம் என்றது. சாலை மட்டும் வரவில்லை. காமலாபுரம் விமான நிலைய விரிவாக்கம், காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர் புதிய விமான நிலையம் என அடுத்தடுத்து விவசாயிகள் எதிர்த்து நின்றதைப் பார்த்த எந்த அரசும், விளைநிலத்தில் ஸ்டேடியம் என்று வாய் திறக்காது. தாசில்தார் அலுவலகத்து 'அ' பதிவேட்டில் அரசு நிலம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஸ்டேடியமும் போய் உட்காரும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெல்லோ மஞ்சளோ விளையும் மண்ணை விட்டுவிட்டுச் சிறை நிலத்தை எடுப்பது நல்ல முடிவுதான். ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எங்கே கட்டலாம் என்ற கேள்விக்குத்தான் இதில் பதில் இருக்கிறது. அங்கே தினமும் யார் வருவார்கள் என்ற கேள்வியை இடத்தேர்வில் யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. ஒண்டிப்புதூருக்கு அதிர்ஷ்டம்: திருச்சி சாலை, மாநகராட்சி எல்லைக்குள், டவுன் பஸ் தடம். கேட்காமலேயே பாதி விடை சரியாக அமைந்துவிட்டது. எல்லா ஊருக்கும் அப்படி அமையாது.

பெட்டிச் செய்தி: இடம் தேடிய ஸ்டேடியங்கள்

சேப்பாக்கம், சென்னை: 1916 முதல். அரசு நிலம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்திடம் குத்தகையில். பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையம்.

ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், சென்னை: 1993-ல் 260 நாட்களில் கட்டப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்.

சூரியவெவ, அம்பாந்தோட்டை: 2011 உலகக் கோப்பைக்காக எழுந்தது. சுமார் 35,000 இருக்கைகள். உலகக் கோப்பையில் நடந்தவை இரண்டு ஆட்டங்கள்.

கீழக்கரை, அலங்காநல்லூர் அருகில்: கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம். 2024 ஜனவரி 24-ல் திறப்பு. 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

மண்டைதீவு, யாழ்ப்பாணம்: சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டம்பர் 1-ல் அடிக்கல்.

நாள்காட்டியைப் புரட்டுங்கள்

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஐ.பி.எல். லீக் சுற்றில் ஓர் அணிக்குச் சொந்த ஊரில் ஏழு ஆட்டங்கள். ஐ.பி.எல். அணி இல்லாத ஊருக்கு அதுவும் கிடையாது. சர்வதேச ஆட்டங்களை கிரிக்கெட் வாரியம் நாடு முழுக்கச் சுழற்சியில் பங்கிடுகிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா எல்லாம் வரிசையில் நிற்கும்போது, புதிதாக வந்த ஊருக்கு ஆண்டுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தாலே பட்டாசு வெடிக்கலாம். டி.என்.பி.எல். சில நாள் நடக்கும். ரஞ்சிக் கோப்பை ஆட்டம் வந்தால் நாலு நாள், அதற்கு வரும் கூட்டத்துக்கு ஒரே ஒரு கேலரி போதும். எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் இருபது, முப்பது நாளைத் தாண்டுவது கடினம். மிச்சம் பதினோரு மாதம் ஸ்டேடியம் என்ன செய்யும்? இடத்தைத் தேர்வு செய்யும் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வழக்கமாக இதைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிட நல்ல சாட்சி கிடையாது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சூரியவெவ என்ற சிற்றூரில், அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் என்பதே பெருந்தகுதியாக, அவர் பெயரிலேயே ஸ்டேடியம் எழுந்தது. கொழும்பிலிருந்து வெகு தொலைவு. சுற்றிலும் புதர்க்காடு. 2011 உலகக் கோப்பையில் இலங்கை கனடாவோடும், பாகிஸ்தான் கென்யாவோடும் ஆடின. அதோடு உலகக் கோப்பை அங்கிருந்து கிளம்பிவிட்டது. பிறகு அவ்வப்போது சில ஆட்டங்கள் வந்தன. கட்டிய கடனும் பராமரிப்புச் செலவும் கிரிக்கெட் வாரியத்தின் தலையில் உட்கார்ந்தன. திருமண வரவேற்புக்கு வாடகைக்கு விட்டதுவரை செய்தி வந்தது. ஓர் ஊரின் இளைஞர்கள் தினமும் வந்து ஆடக்கூடிய தூரத்தில் அது இருந்திருந்தால், உலகக் கோப்பை போன பிறகும் பிழைத்திருக்கும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியத்தின் கடன் 2006-ல்தான் அடைந்து முடிந்தது. பணக்கார நாட்டுக்கே முப்பது ஆண்டு.

நம் பக்கம் இதைவிட நுட்பமான ஓர் உதாரணம் அலங்காநல்லூர். வகுத்துமலை அடிவாரத்தில் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே பெரிய அரங்கம் கட்டினார்கள். கேலரி, காளைகளுக்குக் கொட்டகை, மருத்துவ வசதி எல்லாம் உண்டு. ஆனால் கட்டும்போதே ஊருக்குள் ஒரு பயம் கிளம்பியது: முனியாண்டி கோயில் திடலில், வாடிவாசலில் காலங்காலமாக நடக்கும் எங்கள் ஜல்லிக்கட்டை அங்கே கொண்டுபோய்விடுவார்களோ? பழைய இடத்திலேயே நடக்கும் என்று அரசு சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது. சரி, அலங்காநல்லூரும் பாலமேடும் அவனியாபுரமும் அவரவர் திடலிலேயே நடக்கும் என்றால், அரங்கத்துக்கு என்ன வேலை? ஆண்டில் சில நாள் போட்டி. ஜல்லிக்கட்டைப் பொறுத்தவரை இடமும் ஆட்டமும் வேறு வேறு அல்ல. கோயில், தெரு, கோயில் காளை, முதல் மரியாதை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆட்டம். இடத்தை மாற்றினால் மிஞ்சுவது காட்சி மட்டுமே. கட்டும் முன் அந்த ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசியிருந்தால், அதே பணத்தில் பழைய திடல்களின் பாதுகாப்பையும் பார்வையாளர் மாடங்களையும் மேம்படுத்தியிருக்க முடியாதா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு மாதிரி. வடக்குத் தமிழர்களுக்குச் சர்வதேச மைதானம் என்பது வெறும் கிரிக்கெட் விஷயம் இல்லை. போர் தின்ற ஆண்டுகளுக்குப் பிறகு, நாங்களும் இந்த நாட்டின் வரைபடத்தில் இருக்கிறோம் என்ற அங்கீகாரம். அதனால்தான் 2025 செப்டம்பர் 1-ல் மண்டைதீவில் அதிபர் அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டியபோது அவ்வளவு வரவேற்பு. ஆனால் மண்டைதீவு என்பது பண்ணைக் கடலைக் கடந்து, தாம்போதி வழியே போக வேண்டிய தீவு. சதுப்பும் கண்டலும் பறவைகளும் உள்ள தாழ்நிலம். சூழல் ஆர்வலர்கள் கேள்வி எழுப்பியதும் அதனால்தான். அங்கீகாரம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் நகரத்தின் நடுவே, பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. இந்திய உதவியோடு புதுப்பித்து 2016 ஜூனில் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மாலையில் ஓடுவது அங்கேதான். ஒரு ரூபாயைச் செலவிட இரண்டு இடம் இருந்தால் எது முதலில் என்பதை, அடிக்கல் விழாவில் கூடும் கூட்டத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

நடுவில் இருந்தால் போதுமா?

அப்படியானால் ஸ்டேடியத்தை ஊர் நடுவில் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. சேப்பாக்கத்தையே பாருங்கள். இடத்தைப் பொறுத்தவரை அதைவிடச் சிறந்த ஸ்டேடியம் தமிழ்நாட்டில் இல்லை. பறக்கும் ரயில் பக்கத்தில், மெட்ரோ நடக்கும் தூரத்தில். அண்மை ஆண்டுகளில் ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தனிக் கட்டணம் இல்லாமல் போக ஏற்பாடு செய்தார்கள். முப்பத்தெட்டாயிரம் பேர் ஒரே இரவில் வந்து கலைந்து போகிறார்கள். மறுநாள் காலை வாலாஜா சாலை வழக்கம்போல் இருக்கிறது. ஆனால் ஆட்டம் இல்லாத நாளில் திருவல்லிக்கேணிப் பையன் அந்தக் கேட்டுக்குள் போக முடியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் அரசு நிலத்தில் பச்சைப் புல். இந்தப் பக்கம் பையன்கள் மெரினா மணலில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். இடம் சரியாக இருந்தும் சாவி வேறு கையில்.

கொச்சியில் கலூர் ஸ்டேடியத்தை இன்னொரு பாடமாகச் சொல்லலாம். அது வளர்ச்சிக் குழுமத்தின் சொத்து. கேலரிக்கு அடியில் கடைகள், உணவகங்கள். வாசலில் மெட்ரோ நிலையம். ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே ஆள் நடமாட்டம் உண்டு, வாடகையும் வரும். 2018-ல் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்காக அங்கிருந்த கால்பந்துப் புல்தரையைத் தோண்டப் போகிறார்கள் என்றதும் கேரளமே கொதித்தது. சச்சின் டெண்டுல்கர் உட்படப் பலர் எதிர்த்துப் பேச, ஆட்டம் திருவனந்தபுரம் காரியவட்டத்துக்கு மாறியது. தினமும் பயன்படுகிற மைதானத்துக்குக் காவலாக ஊரே நிற்கும். பூட்டிக் கிடக்கிற மைதானத்துக்கு அப்படி யாரும் நிற்க மாட்டார்கள்.

மறுப்புகள்

நகரத்துக்குள் இடமே இல்லையே என்பார்கள். முப்பதாயிரம் இருக்கையோடு இருபது, முப்பது ஏக்கர் வேண்டும் என்றால் சேலத்துக்குள் இடம் இல்லை என்பது உண்மை. இரும்பாலையில் ஏக்கர் கணக்கில் சும்மா கிடக்கிறதே என்று டீக்கடையில் சொல்பவர்கள் உண்டு. அது ஒரு காலத்தில் விவசாயிகளிடமிருந்து எடுத்த நிலம்; பயன்படுத்தாத பகுதியைத் திருப்பித் தரக் கேட்டவர்களும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். வரைபடத்தில் வெறுமையாகத் தெரிவதெல்லாம் வெறும் நிலம் அல்ல. இடம் இல்லை என்பது பெரிய ஸ்டேடியத்துக்கு எதிரான வாதம். மைதானத்துக்கு எதிரான வாதம் ஆகாது.

வெளியே கட்டினால் அந்தப் பக்கம் ஊர் வளரும் என்பது அடுத்த மறுப்பு. இது முழுப் பொய் இல்லை. ஸ்டேடியம் வந்தால் சாலை வரும், மனை விலை ஏறும். ஆனால் அந்த வளர்ச்சியின் பலன் முதலில் யாருக்குப் போகிறது என்பதை, அறிவிப்புக்கு முன்பே அங்கே மனை வாங்கிப் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். போக்குவரத்து வசதி வரும் முன்பே கட்டடத்தை வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-ல் பஸ் முனையம் திறந்தது. ரயில் நிறுத்தம் அப்போது தயாராகவில்லை. இடையில் அல்லாடியவர்கள் பெட்டி படுக்கையோடு நள்ளிரவில் இறங்கிய பயணிகள். நாமக்கல்லில் 2024 அக்டோபரில் முதலைப்பட்டியில் புதிய பஸ் நிலையம் திறந்தபோது, கோட்டை அடிவாரத்துப் பழைய நிலையத்தை நம்பிய வியாபாரிகளுக்கும் இதே கவலை. பஸ் நிலையத்துக்காவது மக்கள் வேறு வழியில்லாமல் போய்த்தான் ஆக வேண்டும். ஸ்டேடியத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தூரம் என்றால் பிள்ளைகள் ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள்.

குறிப்பாகப் பெண் பிள்ளைகள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் தடத்தில் உள்ள மைதானம் என்றால் ஒரு கபடி வீராங்கனைக்குப் பயணச் செலவு பூஜ்யம். மப்சல் பஸ்ஸை நம்பிய மைதானம் என்றால் தினமும் டிக்கெட் எடுக்க வேண்டும். கூடவே ஆறு மணிக்கு மேல் இருட்டில் எப்படி வருவாள் என்று வீட்டில் எழும் கேள்வி. டிக்கெட் காசு கிடைத்தாலும் அந்தக் கேள்வி ஒரு வீராங்கனையின் ஆட்டத்தை முடித்துவிடும். இடத்தேர்வுக் குழுவில் பொறியாளர் இருப்பார், வருவாய்த் துறை இருக்கும். அரசுப் பெண்கள் பள்ளியின் பி.டி. ஆசிரியை ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள், பாதி இடங்கள் முதல் கூட்டத்திலேயே அடிபட்டுப் போகும்.

கடைசியாக, பெரிய ஸ்டேடியம்தானே நட்சத்திரங்களை உருவாக்கும் என்ற வாதம். சேலம் மாவட்டமே இதற்கு மறுப்பு. தங்கராசு நடராஜன் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடப் பழகியவர். சென்னைக்குப் போய் லீக் கிரிக்கெட் ஆடி, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்குள் வந்தார். வந்த பிறகு அவர் செய்தது என்ன? சொந்த ஊரில் மைதானம் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர். உயரம் தாண்டும் திறமையைக் கண்டுபிடித்தது பள்ளி மைதானம். உயர் பயிற்சிக்கு அவர் பெங்களூரு போக வேண்டியிருந்தது. இருவருக்கும் பக்கத்தில் இல்லாமல் போனது முப்பதாயிரம் இருக்கை அல்ல. நல்ல பயிற்சியாளரோடு தினமும் திறந்திருக்கும் மைதானம்.

பெட்டிச் செய்தி: இடம் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை பள்ளிகள்? காலை முதல் டவுன் பஸ்ஸும் இரவு கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு? ஏரி, ஓடை, நீர்வழிப் புறம்போக்கில் வருகிறதா? புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து? ஆட்டம் இல்லாத நாளில் கேட்டைத் திறப்பது யார்?

சேலத்துக்கு எது?

தொகுதிக்கு ஒன்றாக, தலா 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறது. அதற்கு அடிக்கல் நாட்டினால் தேசியத் தொலைக்காட்சி வராது, கட்சிக்காரர்கள் பேனர் வைப்பதும் குறைவு. ஆனால் பணத்தின் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கீழக்கரை அரங்கத்தின் செலவில் இருபது சிறு விளையாட்டரங்கங்கள் கட்டலாம். இடச் சண்டையும் குறையும்: ஐந்தாறு ஏக்கருக்கு யாருடைய வயலையும் கேட்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மைதானத்தைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு திறந்து, விளக்குப் போட்டு, கழிப்பறை கட்டி, ஒரு காவலரையும் ஒரு பயிற்சியாளரையும் நியமித்தால் அதற்கு இடமே தேட வேண்டாம். இது சின்னத் திட்டம் என்று சொல்பவர்கள், காந்தி ஸ்டேடியத்தில் விடியற்காலையில் நடக்கிற, ஓடுகிற கூட்டத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கூட்டம் அங்கே வருவது அது நகரத்துக்குள் இருப்பதால், ஐ.பி.எல். நடப்பதால் அல்ல.

பெரிய ஸ்டேடியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோவைக்கு வரட்டும், ஒண்டிப்புதூரில் பயிற்சி வலைகளும் ஓடுதளமும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தினமும் திறக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டு வரட்டும். மேற்கு மண்டலத்துக்கு அது ஒன்று போதும்; சேலம் அதோடு போட்டிக்கு நிற்பது வீண் செலவு. சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள். மண்டலத்துக்கு ஒரு மைதானம், ஒவ்வொன்றும் டவுன் பஸ் தடத்தில், ஒவ்வொன்றிலும் இரவு எட்டு மணி வரை விளக்கு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர். மாமன்றக் கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் கேட்க வேண்டியது இதைத்தான். இந்த நான்கும் கட்டி முடிந்து, ஓராண்டு பூட்டாமல் நடக்கட்டும். முப்பதாயிரம் இருக்கை எங்கே என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.